வேட்டை நாயும் விலங்கியலும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மனிதன் முதன்முதலில் பழக்கிய விலங்கு நாய். ஆடும் மாடும் தொழுவத்திற்கு வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாய் அவன் வாசலில் படுத்திருந்தது. உழவு அறியாத அக்காலத்தில் அவனுக்குச் சோறு போட்ட தொழில் வேட்டை. அந்த வேட்டைக்குத் துணை நின்றது நாய். ஞமலி, ஞாளி என்று சங்கப் புலவர்கள் நாயை அழைத்ததைத் தமிழ் வகுப்பில் நாம் கேட்டிருக்கிறோம். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திண்ணன் கன்னி வேட்டைக்குப் புறப்படும்போது நாய்களும் உடன் செல்கின்றன. வலையையும் நாய்களையும் தப்பி ஓடிய ஒரு பன்றியை நாணனோடும் காடனோடும் துரத்திக்கொண்டு சென்றதால்தான் அவன் காளத்தி மலையை அடைந்தான். அந்தக் காட்டுப் பன்றி அகப்பட்டிருந்தால் நமக்குக் கண்ணப்பர் கிடைத்திருக்க மாட்டார்!

இலக்கியத்தில் மட்டுமன்று, இன்றும் காட்டுப் பன்றியும் நாயும் நம் வட்டாரத்துப் பேச்சில் இணைந்தே வருகின்றன. பட்டுக்கோட்டைப் பகுதியில் கல்லணைக் கால்வாய் பாயும் நிலங்களிலும், அதற்கு எட்டாத கடலைக் கொல்லைகளிலும் பயிரிடுவோர் இரவில் பன்றிக்குக் காவல் இருக்கிறார்கள். “நல்ல வேட்டை நாய் நாலு இருந்தால் போதும்” என்று டீக்கடையில் யாராவது சொல்லாத நாளில்லை. நல்ல வேட்டை நாய் என்பது எது? அது எப்படி உருவாகிறது? இன்றைக்கு அதற்கு வேலை உண்டா? இம்மூன்று வினாக்களுக்கும் விலங்கியல் மாணவன் என்ற முறையில் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லில் நின்ற நாய்கள்

நாய்க்குச் சிலை வைத்த நாடு நம்முடையது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவத்தோடு அவன் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளர் இருவரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே கூறுகிறது.

பன்றி வேட்டைக்கு இதனினும் பொருத்தமான சான்று கருநாடகத்தில் உள்ளது. கி.பி. 949இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் சோழருக்கும் இராட்டிரகூடருக்கும் பெரும்போர் நடந்தது. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானை மேலிருந்தபடியே அப்போரில் உயிர் துறந்தான். நம் தஞ்சைச் சோழரைத் தளர்த்திய போர் அது. அதில் எதிர்ப்பக்கம் நின்று வீரம் காட்டிய மணலேரன் என்பவனிடம், “வேண்டியதைக் கேள்” என்றபோது அவன் பொன்னோ பொருளோ கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னொரு நாள் அந்தக் காளி ஒரு பெருங் காட்டுப் பன்றியோடு பொருதது. பன்றியும் மாண்டது, நாயும் மாண்டது. நாயின் நினைவாக ஆதகூர் கோயிலின் முன் கல் நிறுத்தி, அக்கல்லுக்கு நிலமும் விட்டான் மணலேரன். மண்டியா மாவட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தக் கல், நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆதகூர்க் கல் புகழ்ச்சியோடு ஓர் உண்மையையும் சொல்கிறது. பன்றியோடு நேருக்கு நேர் மோதும் நாய் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. ஏன் என்பதை அடுத்துக் காண்போம்.

எதிரியின் வலிமை

கேழல், ஏனம் என்று பழந்தமிழில் வழங்கிய காட்டுப் பன்றியும் நம் வீட்டுப் பன்றியும் ஒரே இனம்தான். சூஸ் ஸ்குரோஃபா என்பது அறிவியற் பெயர். வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோவைத் தாண்டும். அதன் கோரைப் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் வாயை அசைக்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று உராய்வதால், கீழ்ப்பல் சாணை பிடித்த அரிவாள்போல் கூர்மையாகவே இருக்கிறது. ஆண் பன்றியின் தோள்பட்டையின்மேல் தோலுக்கடியில் தடித்த இழைமம் ஒரு கேடயம்போல் அமைந்திருக்கிறது. நாயின் பல் அதைத் துளைப்பது அரிது. பன்றியின் பல்லோ நாயின் வயிற்றை ஒரே வீச்சில் கிழித்துவிடும்.

பெண் பன்றிகள் குட்டிகளோடு கூட்டமாக வாழும். முதிர்ந்த ஆண் தனித்துத் திரியும். சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள். ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை பிறப்பது இயல்பு. நம் கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்களோடு இவையும் உண்டு. சீமைக்கருவேல் மண்டிய ஏரிக்கரையும் வடிகால் ஓரமும் பகலில் ஒளிந்திருக்க இவற்றிற்கு ஏற்ற இடம். இரவில் கொல்லைக்குள் இறங்கினால் கடலைச் செடியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். தின்றதைவிட மிதித்தது அதிகம்.

இரு வகை வேலை

உலகில் எங்கெல்லாம் பன்றி வேட்டை நடந்ததோ அங்கெல்லாம் நாய்களுக்கு இரண்டு வெவ்வேறு வேலைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஒன்று, பன்றியைக் கண்டுபிடித்து, சுற்றி நின்று குரைத்து, ஓடவிடாமல் நிறுத்தி வைப்பது. மற்றொன்று, பாய்ந்து காதையோ கன்னத்தையோ கவ்விப் பிடித்துக்கொள்வது. முதல் வேலைக்கு மூக்கும் குரலும் நிதானமும் வேண்டும். இரண்டாவதற்கு உடற்கனமும் தாடை வலிவும் வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் டெக்சாசிலும் இன்றும் இந்தப் பாகுபாடு உண்டு.

செர்மானியப் பிரபுக்கள் பிடிக்கும் வேலைக்கு வளர்த்த பெருநாய்களின் வழியில் வந்ததே இன்று சோபாவில் படுத்திருக்கும் கிரேட் டேன். அர்சென்டினாவில் அந்தோனியோ நோரெஸ் மார்த்தீனெஸ் என்பவர் 1928இல் தொடங்கி, கோர்தோபா நகரத்துச் சண்டை நாயோடு பல இனங்களைக் கலந்து, டோகோ அர்சென்டினோ என்ற வெள்ளை நாயைப் பன்றி வேட்டைக்கென்றே உருவாக்கினார். வெள்ளை என்ற சொல்லை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதற்கு வேலை உண்டு.

நம் நாட்டு இனங்கள்

தமிழ்நாட்டில் பெயர்பெற்ற நாய் இனங்கள் பெரும்பாலும் தெற்கேதான் தோன்றின. விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம் நாய் உயரமானது. குட்டையான வெண்மயிரும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. நாயக்கர், பாளையக்காரர் காலத்தோடு அதைத் தொடர்புபடுத்திப் பேசுவது வழக்கம். காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பயன்பட்டது. 2005ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கு வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளில் ஒன்று இதற்குக் கிடைத்தது.

தேனி மாவட்டத்துக் கோம்பை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். அவ்வூர் நாய் செம்பழுப்பு நிறமும் கருத்த முகவாயும் உடையது. இராசபாளையத்தைவிடக் குள்ளம், ஆனால் கட்டுடல். காட்டுப் பன்றிக்குக் கோம்பை என்பது வேட்டைக்காரர் வழக்கு. சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த இடையும் நீண்ட காலும் கொண்டவை. பார்வையால் இரையைக் கண்டு வேகத்தால் பிடிப்பவை, முயலுக்கு ஏற்றவை. பன்றியின் முன் நிற்க அவற்றின் மெல்லிய தோல் இடங்கொடாது.

இராசபாளையமும் சிப்பிப்பாறையும், கருநாடகத்து முதோல் நாயும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனத்தில் இனங்களாகப் பதிவு பெற்றுள்ளன. ஒரு காலத்தில் நம் கால்நடைத் துறையே சென்னை சைதாப்பேட்டையில் இந்நாய்களுக்காக இனப்பெருக்க நிலையம் நடத்தியது.

தேர்ந்தெடுக்கும் கலை

எங்கள் தெருவில் எண்பதை நெருங்கும் தாத்தா ஒருவர் இருக்கிறார். சட்டம் வருவதற்கு முன், இளவட்டமாக இருந்தபோது நாய் கட்டி வேட்டைக்குப் போனவர். பள்ளிக்கூடம் அறியாதவர். நாயை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் என்று அவரிடம் கேட்டு, அவர் சொன்னதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பின்பு பாடநூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதில் பெரும்பகுதிக்கு நூலில் காரணம் இருந்தது.

“பேராண்டி, முதல்ல காலைப் பாரு” என்றார். விரல்கள் நெருங்கிக் குவிந்த பாதம் வேண்டும். விரிந்த பாதம் ஆகாது. தாளடியிலும் முள்ளிலும் ஓடும்போது விரிந்த விரல்களுக்கிடையே குத்தும். ஓடும் விலங்கின் எடை முழுவதும் ஒரு கணம் ஒரே பாதத்தில் இறங்குவதால் பாதத்தின் கட்டமைப்பே நாயின் உழைப்புக்காலத்தை முடிவு செய்கிறது.

அடுத்தது மார்பு. முன்னங்கால் முட்டிவரை இறங்கிய ஆழமான மார்பில் நுரையீரலுக்கும் இதயத்திற்கும் இடம் அதிகம். அகன்ற மார்பு வேண்டாம் என்கிறார் தாத்தா. அது தோளை விலக்கி ஓட்டத்தைக் கெடுக்கும். மூக்கு நீண்டிருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைப்பதன் மூலமே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. நம் சித்திரை வெயிலில் மூக்குச் சப்பிய நாய் ஓட வேண்டியதில்லை, நடந்தாலே போதும், சுருண்டு விழுந்துவிடும்.

பிறகு மனம். இந்த இடத்தில்தான் தாத்தா என்னை வியக்க வைத்தார். “பயமே இல்லாத நாய் ஒரு வேட்டையோட சரி. பயந்தாங்கொள்ளி அதுவரைக்கும்கூட வராது. பயம் தெரிஞ்சும் நிக்கிறது எதுவோ அதுதான் நாய்” என்றார். ஆட்டைக் கடிப்பது, குழந்தையிடம் சீறுவது, கூட்டாளி நாயோடு சண்டைக்கு நிற்பது ஆகியவற்றை அவர் உடனே ஒதுக்கிவிடுவாராம். முரட்டுத்தனமும் துணிவும் ஒன்று என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக அவர் சொன்னது, “அப்பன் பேரைச் சொல்லித்தான் விப்பான்; நீ ஆத்தாளைப் பாரு.” குட்டியின் மரபுப் பண்பில் தாய்க்கும் தந்தைக்கும் சரிபாதி பங்கு. ஆயினும் முதல் சில வாரங்கள் குட்டியை வளர்ப்பவள் தாயே. அவள் மனிதரைக் கண்டு நடுங்கினால் குட்டிகளும் நடுங்கக் கற்கும். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்ட முடிவு இதற்கு அரண் செய்கிறது. பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே நாய்க்குட்டி மனிதரோடு உறவு பழகும் காலம். அப்போது மனிதக் கை படாத குட்டி பின்னர் எளிதில் பழகாது.

இனப்பெருக்கத்தின் கணக்கு

பெட்டை நாய் ஏறத்தாழ ஆறு மாதத்திற்கொரு முறை பருவத்திற்கு வரும். சினைக்காலம் 63 நாள். குட்டிகள் கண் மூடிப் பிறந்து, பத்து முதல் பதினான்கு நாளில் கண் திறக்கும். காதுத் துளையும் ஏறத்தாழ அப்போதுதான் திறக்கும். இவை எல்லோரும் அறிந்தவை. எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்பதில்தான் கலையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

நல்ல நாய் ஒன்று அமைந்துவிட்டால் அதன் குணத்தைக் கெட்டிப்படுத்த அதன் மகளோடோ உடன்பிறப்போடோ சேர்ப்பது பழைய வழக்கம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. நாய்க்கு 39 இணைக் குரோமோசோம்கள். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டிரண்டாக வரும். நெருங்கிய உறவில் சேர்க்கும்போது ஒரே மூதாதையின் ஒரே மரபணு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம். நல்லது இரட்டித்தால் குணம் நிலைக்கும். ஆனால் கெட்டதும் அதே கணக்கில்தான் இரட்டிக்கும்! ஒற்றையாக இருக்கும்போது மறைந்து கிடந்த குறை, இரட்டையானதும் வெளிப்பட்டு விடும்.

இவ்வாய்ப்பை அளக்க ஸ்யூவல் ரைட் என்ற அறிஞர் 1922இல் ஒரு கணக்கு வகுத்தார். ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளைச் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு 6.25 விழுக்காடு, தாய் அல்லது தந்தை மட்டும் ஒன்றாயுள்ளவற்றைச் சேர்த்தால் 12.5; முழு உடன்பிறப்பைச் சேர்த்தால் 25. தலைமுறைதோறும் முழு உடன்பிறப்புகளையே சேர்த்துக்கொண்டு போனால் இரண்டாம் தலைமுறையில் 37.5, மூன்றாம் தலைமுறையில் 50 விழுக்காடு. அதாவது பத்தாண்டுக்குள் ஓர் இனத்தின் பாதி வளம் கையைவிட்டுப் போகும். ஈற்றில் குட்டிகள் குறைவது, நோய்க்கு எளிதில் இரையாவது, பால் குடிக்கத் திராணியற்றுப் பிறப்பது ஆகியவை இதன் அறிகுறிகள்.

பரிசு வாங்கிய ஒரே ஆண் நாயிடம் ஊரிலுள்ள பெட்டைகளையெல்லாம் கொண்டுபோய் விடுவதும் இதே தீமையை மெதுவாகச் செய்யும். பத்துப் பேர் பத்து வீட்டில் வாங்கிய குட்டிகள் அத்தனையும் ஒரு தகப்பன் பிள்ளைகள். அடுத்த தலைமுறையில் உறவில்லாத துணை தேடினாலும் கிடைக்காது.

வெள்ளையின் விலை

எங்கள் ஊரில் ஒருவர் கடலை விற்ற காசில் வெளியூரிலிருந்து ஓர் இராசபாளையம் குட்டி வாங்கி வந்தார். பால் வெள்ளை, பார்க்கக் கண் கூசும் அழகு. பெயர் வைத்து மாதமாகியும் கூப்பிட்டால் திரும்பவில்லை. தட்டைத் தட்டினாலும் திரும்பவில்லை. ஆனால் நிழல் அசைந்தால் துள்ளி எழும். விற்றவரிடம் கேட்டதற்கு, “பயிற்சி போதாது” என்றாராம். அவர் அக்குட்டியை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்து, “உன் மகன் இந்தப் படிப்புத்தானே படிக்கிறான், என்னன்னு கேளு” என்று என் தந்தையிடம் சொன்னார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் படிப்பை நாடி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்த முதல் கேள்வியும் அதுதான்.

விடை இது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருபவை நிறமிச் செல்கள். கருவில் இவை முதுகுப்புற நரம்பு வரம்பில் தோன்றி உடலெங்கும் பயணம் செய்கின்றன. அவை போய்ச் சேராத இடம் வெள்ளையாகிறது. இதே செல்கள் உள்காதுக்கும் செல்ல வேண்டும். அங்கே இவை நிறத்திற்காக இல்லை. உள்காதுத் திரவத்தின் உப்பு அளவைக் காத்து, ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களை வாழ வைப்பதற்காக இருக்கின்றன. நிறமிச் செல்கள் காதை எட்டாவிட்டால் பிறந்த சில வாரங்களில் அந்நுண்மயிர்ச் செல்கள் மடிகின்றன. குட்டி நிரந்தரமாகச் செவிடாகிறது. எத்தனை பயிற்சி கொடுத்தாலும் திரும்பாது. இது அல்பினோ குறைபாடு அன்று. கண்ணில் நிறமி இருப்பதே அதற்குச் சான்று.

வெள்ளையிலும் வெள்ளையையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தவர்கள், தாம் அறியாமலே செவிட்டையும் தேர்ந்தெடுத்தார்கள். இராசபாளையத்தில் மட்டுமா? அர்சென்டினாவின் டோகோவிலும் இக்குறை உண்டு. புள்ளி நாயான டால்மேசியனில் அமெரிக்காவில் சோதித்தபோது 100க்கு ஏறத்தாழ 30 நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லை. பிறக்கும்போதே பெரிய கருந்திட்டு உடைய டால்மேசியன் குட்டிகளிடம் இக்குறை மிகவும் குறைவு என்பதும் தெரியவந்தது. திட்டு உள்ளதை அழகில்லை என்று ஒதுக்கியவர்கள் நல்ல காதை ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஒரு பண்பைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று கூடவே வரும் என்பதற்குச் சோவியத் நாட்டில் பெல்யாயெவ் 1959இல் தொடங்கிய நரி ஆராய்ச்சியும் சான்று. அவர் தேர்ந்தெடுத்தது சாந்த குணத்தை மட்டுமே. சில தலைமுறைகளில் நரிகளின் காது மடிந்தது, உடலில் வெள்ளைத் திட்டு தோன்றியது, வால் சுருண்டது. கேட்டது ஒன்று, கிடைத்தது நான்கு.

ஒரு காது மட்டும் கேட்காத நாயை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அது மற்றொரு காதால் சமாளித்துக்கொள்ளும். ஆனால் அதன் குட்டிகளில் முழுச் செவிடு பிறக்க வாய்ப்பு மிகுதி. காதிலிருந்து மூளைக்குச் செல்லும் மின்துடிப்பை அளக்கும் கருவியால்தான் அதை அறிய முடியும். இரு காதும் கேட்கும் பெற்றோரையே சேர்த்தால் குறை தலைமுறைதோறும் குறையும். இக்குறைக்குத் தீர்வு இருக்கிறது என்பதே மகிழ்ச்சிக்குரிய செய்தி.

அக்குட்டி இப்போது கையசைவுக்குப் பழகி அவர் வீட்டிலேயே வளர்கிறது. அதை ஒருபோதும் இனப்பெருக்கத்திற்கு விடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் எழுதிக் கொடுத்த முதல் சீட்டு அது!

சட்டம் சொல்வது

நிற்க. இத்தனையும் படித்துவிட்டு நாலு நாயோடு கொல்லைக்குக் கிளம்பலாமா? கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. கொல்வது மட்டுமே வேட்டை என்று பலர் எண்ணுகிறார்கள். அச்சட்டத்தில் துரத்துவதும், விரட்டி ஓட்டுவதும், கண்ணி வைப்பதும், அவற்றிற்கு முயல்வதும்கூட வேட்டையே. நாயை ஏவிவிட்டு, “நான் தொடவே இல்லை” என்று தப்ப முடியாது.

பயிரிடுவோரின் துன்பத்தையும் அரசு கருதாமல் இல்லை. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; அதற்கு அப்பால் பயிரை அழிப்பவற்றை வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளர் சுடலாம். தனி மனிதருக்கும் நாய்க்கும் அதில் இடமில்லை.

இதை நான் சரியென்றே கருதுகிறேன். வேட்டையில் முதலில் சாவது நாய். காயம் பட்ட பன்றி கொல்லையில் வேலை செய்யும் பெண்களின் மேல் பாயும். மேலும் பன்றியிடமிருந்து புருசெல்லா, எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் நாய்க்கும், நாயிடமிருந்து வீட்டிலுள்ளோர்க்கும் பரவக்கூடும். ஆஸ்திரேலியாவில் பன்றி வேட்டை நாய்களிடம் புருசெல்லா நோய் கண்டறியப்பட்டுள்ளது. கடலைக்கு வந்த நட்டத்தை ஈடு செய்யலாம். இவற்றை ஈடு செய்ய இயலாது.

வேலை இழந்த நாய்

“நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை” என்பது பழமொழி. நம் வேட்டை நாய்க்கு இன்று உண்மையாகவே வேலையில்லை. முன்பு தேர்வு நடத்தியது காடு. கேளாத நாயும், கால் இளைத்த நாயும், மூர்க்க நாயும் குட்டி போடும்வரை உயிரோடு இருந்ததில்லை. இன்று தேர்வு நடத்துவது விற்பவரின் கூண்டும் வாங்குபவரின் கண்ணும். கண்ணுக்கு நிறமும் உயரமும்தான் தெரிகின்றன. வேட்டை நின்றதால் இனம் அழியாது. வேட்டை நடத்திவந்த தேர்வுக்கு மாற்றாக வேறொரு தேர்வை நாம் வைக்காவிட்டால்தான் அழியும். இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பிய கருத்து இதுவே.

அந்த மாற்றுத் தேர்வு கடினமானதன்று. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்திருக்கின்றன. வளர்ப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். 18 மாதம் நிறையாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரத்திற்கு முன் குட்டியை விற்கக் கூடாது. மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. குட்டியின் தாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி விடுங்கள்.

2. குட்டிகள் உறங்கும்போது அவற்றின் பார்வையில் படாமல், காற்றும் நிழலும் அசையாமல், பின்னாலிருந்து ஒலி எழுப்புங்கள். ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியே பாருங்கள். கூட்டத்தில் ஒன்று எழுந்தால் செவிட்டுக் குட்டியும் அதைக் கண்டு எழுந்துவிடும்.

3. தாய்க்கும் தந்தைக்கும் உறவு உண்டா என்று மூன்று தலைமுறை கேளுங்கள். திருமணத்திற்குக் கேட்கிறோம் அல்லவா?

4. திட்டு விழுந்த குட்டியைக் குறை என்று ஒதுக்காதீர்கள்.

5. வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள்.

கொல்லைக் காவலுக்கும் நாய் பயன்படாமல் இல்லை. பரணில் ஆளோடு கட்டி வைத்த நல்ல காதுள்ள நாய், பன்றி வரப்பில் ஏறுமுன்பே குரல் கொடுத்துவிடும். ஆள் எழுந்து விளக்கடித்துத் தகரம் தட்டினால் பன்றி அண்டாது. ஆதகூர்க் காளி செய்த வேலையைவிட எடுத்தனூர்க் கோவிவன் செய்த வேலையே இன்றைய உழவனுக்குத் தேவை.

முடிவுரை

நம் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள பெருமக்கள் ஆண்டுக்கொரு முறை நாட்டு நாய்களுக்குச் செவிச் சோதனை முகாம் நடத்தி, ஈற்றுப் பதிவேடு ஒன்றையும் தொடங்கினால் டெல்டா மாவட்டங்கள் முழுவதும் பயன்பெறும். பதிவேடு எழுதும் வேலைக்கு விலங்கியல் மாணவர்களாகிய நாம் கைகொடுக்கலாம். ஊர் ஊராகப் போய்த் தாத்தாக்கள் சொல்வதை எழுதி வைக்கும் வேலையும் நம்முடையதே. அவர்களுக்குப் பின் அதைச் சொல்ல ஆளில்லை.

படிப்பறியாத முதியவரின் அனுபவமும் ஆய்வுக்கூடத்து அறிவும் ஒன்றையொன்று பழிக்க வேண்டியதில்லை. தாத்தாவின் கண் நாயின் காலையும் மனத்தையும் பார்த்தது. விலங்கியல் அதன் காதுக்குள் இருப்பதைப் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், கல்லில் நின்ற நம் நாட்டு நாய் மண்ணிலும் நிற்கும். அதற்கு நம்மால் ஆனதைச் செய்வோமாக!